வாழைநார்க் கட்டு

தலையாரி துலுக்கானம் இரும்புக் கம்பியைத் துப்பாக்கியின் வாய்க்குள் விட்டுப் பார்த்தான். முழுக்க இறங்க வேண்டிய கம்பி ஒரு சாண் வெளியே நின்றுவிட்டது. உருவி இன்னொரு முறை விட்டான். மறுபடியும் அதே ஒரு சாண்.

"உள்ள கெட்டிச்சு வெச்சிக்கீறாரு அண்ணாத்தே," என்றான் வீராசாமியைப் பார்த்து. "மருந்தும் கீது, மேல குண்டும் கீது."

வீராசாமி செத்துப்போனவனின் அண்ணன். காலையிலிருந்து ஆள் அனுப்புவதும் பாடைக்கு மூங்கில் தேடுவதுமாக அலைந்து அவர் தொண்டை கட்டியிருந்தது. "காலைல சாவப்போறவன் சாயங்காலமே எதுக்கு இத்த கெட்டிச்சு வெச்சான்?" என்றார். பதில் சொல்ல வேண்டியவன் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நெற்றியில் காசு வைத்து, கூடத்தில் படுத்திருந்தான்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நாகம்மாளுக்கு வாசலில் பேசியது அத்தனையும் காதில் விழுந்தது. காலையிலிருந்து நிற்காத அழுகை அப்போது நின்றது. உள்ளே இருப்பது குண்டு இல்லை, ஆணி. அது அவளுக்குத் தெரியும். அந்த ஆணியைப் புருஷன் அய்யாசாமி எதைக் கொண்டு கட்டினார் என்பதுதான் தெரியாது.

ஆவடிக்குப் பக்கத்தில் பட்டாளத்துக்காரர்கள் வந்து இறங்கியதிலிருந்து கோவில்பதாகையில் பல விஷயங்கள் மாறிவிட்டன. ஈயக் குண்டு எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை, எல்லாம் சண்டைக்குப் போகிறது என்றார்கள். பன்றிகளுக்கு மட்டும் சண்டை நடப்பது தெரியவில்லை. வருஷம் தவறாமல் வந்து அய்யாசாமியின் வேர்க்கடலைக் கொல்லையை உழுதுவிட்டுப் போயின. பொடி ரவையைப் போட்டுச் சுட்டால் தோலைச் சிலிர்த்துக்கொண்டு மறுநாளும் வந்தன. அப்போதுதான் அவருக்கு ஆணி யோசனை வந்தது. நாகம்மாளின் தம்பி வேம்புலிக்குப் பட்டாளத்து முகாமில் மரப்பெட்டி உடைக்கிற வேலை. பெட்டி உடைத்தால் ஆணிக்கா பஞ்சம்? நீளமான ஆணிகளாகப் பார்த்து மடியில் கட்டிக்கொண்டு வந்தான்.

ஆணியின் தலையை வெட்டி, முனையை அரத்தால் ராவி, அம்பு மாதிரி ஆக்கினார் அய்யாசாமி. அம்புக்கு வால் வேண்டுமே. முதலில் கோழி இறகு வைத்தார். மருந்து வெடிக்கிற நெருப்பில் இறகு பொசுங்கி, வீடு முழுக்கக் கோழி வாட்டிய நாற்றம் வந்ததுதான் மிச்சம். அப்புறம் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மூன்று தகடாக வால் செய்தார். முன்பக்கம் கனமாக இருந்தால்தான் திரும்பாமல் போகும் என்று கழுத்தில் செப்புக் கம்பியைச் சுற்றினார். துப்பாக்கிக் குழாயோ அகலம், ஆணியோ ஒல்லி. வெடித்த வேகம் எல்லாம் பக்கத்தில் ஓடிவிடும். அதற்காகக் கல்யாண முருங்கைக் கட்டையைக் குடைந்து, வேர்க்கடலைத் தோல் மாதிரி இரண்டு பாதியாகச் செய்து, நடுவே ஆணியை வைத்து மூடினார். குழாயை விட்டு வெளியே வந்ததும் தோல் இரண்டாகப் பிரிந்து விழ வேண்டும், ஆணி மட்டும் நேரே போக வேண்டும். இதுதான் அவர் கணக்கு.

கணக்கு ஒத்துவரவில்லை. தோட்டத்தில் கிணற்றுக்கு எதிரே இருந்த வாழைதான் குறிப்பலகை. நேராகப் போய்க் குத்தியிருந்தால் வட்டமாகத் துளை விழும். விழுந்ததெல்லாம் நீளக் கீறல். ஆணி வழியிலேயே தலைகீழாகப் புரண்டு, பக்கவாட்டில் போய் அறைந்துகொண்டிருந்தது. மரம் முழுக்கக் கீறலைப் பார்த்துவிட்டு வீராசாமி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்: "என் தம்பி பன்னிய எங்க சுடறான்? வாழைக்கில்ல துண்ணூறு பட்டை பூசிகினு கீறான்!"

நாகம்மாள் முந்தாநாள் அரிசி களையும்போது அந்தக் கட்டைத் தோலை எடுத்துப் பார்த்தாள். இரண்டு பாதியையும் சேர்த்து, மெழுகு தடவிய தையல் நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தார். பிய்த்துப் பார்த்தாள். விரல்தான் வலித்தது.

"இப்டி கட்டினா எங்க பிரியும்?" என்றாள். "அது கட்டோடவே போவுது, அதான் பொரளுது. வாழநார நனைச்சு கட்டு. காஞ்சா சிக்குனு புடிச்சுக்கும். ஆனா காஞ்ச நாரு கொஞ்சம் அதிர்ந்தா போதும், பட்னு அறுந்துடும். பூ கட்டறவ எவளும் காஞ்ச நார்ல கை வெக்க மாட்டா."

அய்யாசாமி அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ போயி கொழம்பு கொதிக்குதா பாரு," என்றார்.

இது புதிதில்லை. அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை, அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு அவர் நடந்தது கிடையாது. அந்த இடத்தில் கிணறு வெட்டாதே, உப்புத் தண்ணீர் என்றாள். வெட்டினார், உப்புத் தண்ணீர்தான். செவலை மாட்டை விற்காதே என்றாள். விற்றார். தான் சொல்வது அவர் காதுக்குள் போகிறதா, இல்லை காற்றோடு போகிறதா என்று அவளுக்குப் பல நாள் சந்தேகம் வந்திருக்கிறது. குழந்தையும் இல்லாத வீட்டில் அவள் பேசுவதற்கு வேறு யாரும் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் அவள் ஏரிக்கரைக்குச் சாணி பொறுக்கப் போயிருந்தபோது அவர் துப்பாக்கியைக் கெட்டித்திருக்கிறார். திரும்பி வந்தபோது, "வெளிச்சம் பூட்ச்சு, காலைல பாக்கலாம்," என்றார். காலையில் கிணற்றடிக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். அவள் சொம்போடு ஓடுவதற்குள் முடிந்துவிட்டது.

"மணியக்காரு சொல்லிட்டாரு," துலுக்கானத்தின் குரல் மறுபடி வந்தது. "லைசென்ஸ்காரன் செத்தா துப்பாக்கி அன்னிக்கே டேசனுக்குப் போவணும். பட்டாளம் கிட்டக்க கீதுல்ல? கெட்டிச்ச துப்பாக்கிய நான் எப்டி தோள்ல போட்டுகினு போவேன்? ஒரு சொம்பு தண்ணி குடு, வாய்ல ஊத்திடலாம். மருந்து நமுத்துடும். அப்பால டேசன்ல அவங்க கொடைஞ்சு எடுத்துக்கட்டும்."

"ஊத்து, ஊத்து," என்றார் வீராசாமி. "செத்த ஊட்ல இந்தக் கண்றாவி வேறயா?"

வேம்புலி தண்ணீர் கொண்டுவர உள்ளே வந்தான். அக்கா எழுந்து நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றான்.

தண்ணீர் ஊற்றினால் நூலா நாரா என்று தெரியாமலே போய்விடும். டேசனில் எவனோ குடைந்து எடுத்து, என்ன எழவு இது என்று குப்பையில் போடுவான். புருஷன் செத்த அன்றைக்கு இதைப் போய் நினைக்கிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் அவள் வாசலுக்குப் போனாள். தாலி கட்டியவன் பிணமாகக் கிடக்கையில் தலைமாட்டை விட்டு எழுந்து வருகிற பெண்ணை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்தினார்கள்.

"மாமா," என்றாள் வீராசாமியிடம். "உங்க தம்பிய ஒரு வேட்டு கூட போடாம தூக்கிகினு போவப்போறீங்களா?"

பெரிய சாவு என்றால் பாடை தூக்கும்போது வேட்டுப் போடுவது ஊர் வழக்கம். சண்டை வந்ததிலிருந்து வேட்டுக்கு மருந்து கிடைப்பதில்லை. அவர்களுடைய அப்பா செத்தபோது ஏரி அதிரும்படி வெடித்தது. தம்பிக்கு ஒன்றுமே இல்லையே என்று அவரே காலையில் வேம்புலியிடம் குறைப்பட்டிருந்தார்.

"அதான் அவரே கெட்டிச்சு வெச்சிட்டு போய்க்கீறாரே," என்றாள் நாகம்மாள்.

வீராசாமி வேம்புலி பக்கம் திரும்பினார். "சரி, வானத்த பாத்து சுட்டுடுடா வேம்புலி," என்றார்.

"வானத்துக்கு வேணாம் மாமா. உள்ள ஆணி கீது. மேல போனா யாரு தலைல எறங்கும்? தோட்டத்துல அவர் எப்பவும் வெக்கற கவட்டைலயே வெச்சு சுடட்டும்."

துலுக்கானம் முகாம் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "ஒரே ஒரு வாட்டிதான். யாரு கேட்டாலும் சாவு வேட்டுன்னு சொல்லிக்கலாம்," என்றான்.

எல்லோரும் தோட்டத்துக்குப் போனார்கள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு கவட்டைக் கம்புகள் நட்டிருந்தன. வாழைக்கு நேராகக் குறி வைத்து நட்டது அய்யாசாமி. குழாய் வெடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுடுவதில்லை. கவட்டையில் கிடத்திக் கயிற்றால் கட்டி, விசையில் ஒரு சரடு மாட்டி, கிணற்றுச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து இழுப்பார். வேம்புலி அதே மாதிரி கட்டினான். மூக்குப்பொடி டப்பாவில் மருந்தைப் பற்றவைக்கிற கேப் ஒன்றே ஒன்று இருந்தது, அதை எடுத்து வைத்தான்.

"அக்கா, நீ உள்ள போ."

"நான் இங்கதான் நிப்பேன்."

சரடு இழுபட்டது. வெடித்த வெடியில் வேலியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாக எழும்பின. உள்ளே பெண்களின் ஒப்பாரி ஒரு கணம் அறுந்து, முன்னைவிடப் பலமாகத் தொடங்கியது. தோட்டம் பூராவும் புகை.

ஆண்கள் வாழையிடம் ஓடினார்கள். எத்தனை சிரித்திருந்தாலும் வீராசாமிதான் முதலில் ஓடினார். வேம்புலி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தான். பழைய கீறல்கள் எல்லாம் காய்ந்து கறுத்திருந்தன. புதுக் கீறல் ஒன்றுகூட இல்லை.

"படல மாமா," என்றான்.

"பாவி, கடைசி வாட்டியும் தப்பிடுச்சா," என்ற வீராசாமி வாழையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து அழாத மனிதர் அங்கே அழுதார். "சிரிச்சேன்டா உன்ன, ஊரு பூரா சொல்லி சிரிச்சேன்," என்று மரத்திடம் சொன்னார். துலுக்கானம் அவர் தோளைப் பிடித்து அழைத்துப்போனான். வேம்புலி துப்பாக்கியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

நாகம்மாள் வாழைப் பக்கமே போகவில்லை. கவட்டைக்கு முன்னால் நாலைந்து அடியில் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். கீரைப் பாத்தி ஓரத்தில் கட்டைத் தோலின் ஒரு பாதி கிடந்தது. அதற்கு எதிர்ப்பக்கம், நன்றாகத் தள்ளி, இன்னொரு பாதி. இரண்டும் கரி பூசி, தொட்டால் சுட்டன. முதல் பாதியைத் திருப்பினாள். கட்டுவதற்காக வெட்டிய பள்ளத்தில் பொசுங்கிய நார் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நூல் இல்லை. நகத்தால் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வாழைநார். அவள் வழக்கமாகப் பூ கட்டுவதற்குக் கிழிக்கிற அகலம். அவளுடைய நார்க்கட்டிலிருந்துதான் எடுத்திருக்கிறார். முடிச்சுக்கூட பூ கட்டுகிறவர்கள் போடுகிற முடிச்சுத்தான். எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டாரோ.

அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள். "கேட்டியா நீ," என்றாள் மெதுவாக. "காதுல வாங்கிகினுதான் இருந்தியா?"

தலையைத் தூக்கியபோது வாழை நேர் எதிரே தெரிந்தது. பழைய கீறல்களுக்கு நடுவில், ஆள் நெஞ்சு உயரத்தில், சின்னதாக ஒரு வட்டத் துளை. சுற்றிலும் ஒரு பிசிறு இல்லை. துளையிலிருந்து தண்ணீர் அப்போதுதான் கசிய ஆரம்பித்திருந்தது. கீறலைத் தேடியவர்கள் கண்ணில் அது படவில்லை. வேம்புலியைக் கூப்பிடலாம் என்று வாயெடுத்தாள்.

"நாகு! எங்க போய் ஒக்காந்துகினு கீற? நேரம் ஆவுதுல்ல?" பின்வாசலில் நாத்தனார் கெங்கம்மாள் நின்று கூப்பிட்டாள். "அவன தூக்கப்போறாங்க. வா, வந்து வாக்கரிசி போடு."

நாகம்மாள் இரண்டு பாதியையும் உள்ளங்கையில் சேர்த்து மூடிக்கொண்டு எழுந்தாள்.

அய்யாசாமியைக் குளிப்பாட்டி வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு அவர் வேறு யாரோ போல இருந்தார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அரிசி போட்டுவிட்டு நகர்ந்தார்கள். துலுக்கானம் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு புங்கமரத்தடியில் காத்திருந்தான். கூட்டம் குறைந்ததும் அவனும் வந்து ஒரு பிடி போட்டான்.

கெங்கம்மாள் முறத்தை நீட்டினாள். நாகம்மாள் கையை மூடியபடியே நின்றாள்.

"கையில இன்னாடி அது? கைய தொற, நாகு."

நாகம்மாள் கையிலிருந்ததை மடியில் செருகிக்கொண்டு முறத்திலிருந்து அரிசியை அள்ளினாள். குனிந்து அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாயில் போட்டாள். அவர் உதட்டில் விழுந்த அரிசியில் அவள் விரல் பட்டதெல்லாம் கரி ஏறிக் கறுத்திருந்தது. கெங்கம்மாள் அதைத் துடைக்கக் கையை நீட்டினாள்.

"கெடக்கட்டும் அண்ணி," என்றாள் நாகம்மாள்.