ரம் பீப்பாயும் என் தம்பியின் மூக்கும்

தம்பி ஃபின்டனோடு சேர்ந்து விஸ்கி காய்ச்சலாம் என்று நான் கிளம்பிய அன்றைக்கு யாராவது என்னைப் பிடித்துக் கட்டிப்போட்டிருக்கலாம்.

குளிர்காலம் முடிந்ததிலிருந்து இதே கூத்துதான். கெர்ரி கடலோரத்தில் எங்களுடையது சின்ன வடிசாலை. முதிர்ந்த விஸ்கியைக் கடைசிச் சில மாதங்களுக்கு, முன்பு ரம் இருந்த பீப்பாய்களுக்கு மாற்றியிருந்தோம். போதும், இறக்கிவிடலாம் என்பேன் நான். ஃபின்டன் கிளாஸை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடுவான்.

"இன்னும் ஒரு மாசம்க்கா. ரம் உள்ள இறங்கல."

எங்கள் இருவரில் கூர்மையான மூக்கு அவனுக்குத்தான். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

மே மாதத்தில் ஒரு காலை, பீப்பாயிலிருந்து எடுத்து ஒரு வாய் குடித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. விஸ்கியையே காணோம். பார்லியின் மணம் வெல்லப்பாகுக்கு அடியில் மூச்சுத் திணறிக் கிடந்தது.

"இது விஸ்கியாடா? கேக் மேல ஊத்துற பாகு!"

"பதறாதக்கா, நான் பாக்குறேன்."

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ரம் பீப்பாய்க்கே போகாத விஸ்கியை இன்னொரு கிளாஸில் வைத்திருந்தேன். அவன் எடுத்தது அதைத்தான்.

"ஆஹா! வாழைப்பழம், கிறிஸ்துமஸ் கேக்... ஆனா இன்னும் ஒரு மாசம்..."

ரம்மே படாத விஸ்கியில் ரம் வாசமா? எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆறிப்போயிருந்த என் கட்டன் டீயை, அவனுக்கு முதுகைக் காட்டியபடி வேறொரு கிளாஸில் ஊற்றி நீட்டினேன்.

"மோந்து மட்டும் பாரு. குடிக்காத."

"இதுல ரம் நல்லாவே புடிச்சிருக்கு!"

"அது என் டீடா."

அவன் கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தான். காது வரை சிவந்துவிட்டது.

"ஜனவரில காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்ப போனது. மீன், பெட்ரோல், ஒண்ணும் தெரியல. திரும்ப வரும்னு டாக்டர் சொன்னாரு. இறக்குற அன்னிக்கு எனக்கும் இதோட வாசம் தெரியணும்னுதான்க்கா மாசா மாசம் தள்ளினேன்."

"கழுதை! வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா பாவம் பாப்ப."

"பாவமா? உன்னக் கொல்லலாம்னு வருது!"

நான் பாவம் பார்ப்பது அவனுக்குத் தெரியக்கூடாதே என்று இன்னும் கொஞ்ச நேரம் கத்தினேன்.

அன்றே பீப்பாய்களிலிருந்து விஸ்கியை இறக்கினோம். ரம் பீப்பாய்க்கு மாற்றாமல் வைத்திருந்த பழைய விஸ்கியை அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, சில வாரம் ஆறவிட்டோம். மறுபடி சுவைத்தபோது பார்லி முன்னால் வந்திருந்தது. ரம் கடைசியில் மட்டும் இனிப்பாக எட்டிப் பார்த்தது. பிழைத்தோம்.

அவன் மூக்கு இன்னும் திரும்பவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"எப்படி இருக்கு? ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்டா."

"ஒரு மடக்கு முழுங்கிட்டு அவ்வளவுதான்னா எப்படி? இன்னொரு வாய் குடிச்சிட்டு ஒழுங்கா சொல்லு."

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எனக்குத் தலை சுற்றியது. அவனுக்கு மட்டும் திருப்தியே இல்லை.