பதினோரு நாள் உப்பு

என் பெண்டாட்டி ஒச்சாயியை மதுரை ஆஸ்பத்திரியில் தப்பான மருந்து கொடுத்துக் கொன்றுவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. என் மச்சினன் அருள்பாண்டி, கலெக்டர் ஆபீசில் கொடுக்க மனுவே எழுதிவிட்டான். என் மகள் தாமரைச்செல்வி முதல் கையெழுத்துப் போட்டாள். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். துக்கத்தில் வாய் அடைத்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். துக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாய் அடைத்தது அதனால் இல்லை. நடந்தது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தியைப் புதைத்தாயிற்று.

போன சித்திரையில் ஒச்சாயிக்கு இருதயம் வீங்கிவிட்டது என்றார்கள். ரத்தத்தைத் தள்ளுகிற சக்தி பாதிதான் இருக்கிறதாம். முகம் உப்பி, காலில் தண்ணீர் கோத்து, விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. நீர் பிரிய ஒரு மாத்திரை, அதோடு வேறு நாலு. அப்புறம் உப்பு கூடவே கூடாது என்றார்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எதையும் தொடக்கூடாது. ஒரு காலத்தில் உரக்கடைக்காரன் பேச்சைக் கேட்டு மருந்தடித்துப் பருத்தியைக் கருக விட்டவன் நான். அன்றைக்கிருந்து கடை விரித்து உட்கார்ந்திருக்கிற எவனையும் நம்புகிறதில்லை. டாக்டர் வைத்திருப்பதும் கடைதான். ஆனாலும் உப்பை நிறுத்தியதும் கால் வீக்கம் வடிந்தது. அதனால் சும்மா இருந்தேன்.

குழம்பு கொதித்ததும் ஒச்சாயி தனக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவிட்டுத்தான் மிச்சத்தில் உப்புப் போடுவாள். ருசி பார்க்க முடியாது. என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையில் ஊற்றுவாள். நான் நக்கும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னத்தப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"இருக்கும். இனிமே எவளும் என்னைய, சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியான்னு வைய முடியாது. இல்லத்தா, போடலன்னு சொல்லிட்டு வந்துருவேன்."

இப்படி எட்டு மாசம் சிரித்துக்கொண்டே ஓட்டினாள். ஆனால் ஆள் இளைத்துவிட்டாள். பாதிச் சோற்றை நாய்க்கு வைப்பாள்.

மார்கழி கடைசியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போகிறது என்றாள். எப்போதும் மகள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவாள். திருமங்கலத்தில் தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அன்றைக்குப் பரீட்சை என்று லீவு கிடைக்கவில்லை. பேரையூரில் பஸ் ஏறி நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சிம்மக்கல் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். சரண்யாதேவி என்று ஒரு டாக்டர், என் மகளைவிடச் சின்ன வயசு. காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஐயா, அம்மாவுக்குத் தாது உப்பெல்லாம் ரொம்பக் குறைஞ்சுபோச்சு. நீர் மாத்திரை தண்ணியோட சேத்து அதையும் வெளிய தள்ளிருது. பொட்டாசியம், மெக்னீசியம்னு சொல்லுவோம். ரத்தத்துல இருக்கிறதே கொஞ்சந்தான். அது குறைஞ்சா இதயம் தாளம் தப்பிரும். அதான் இந்தப் படபடப்பு."

"உப்பு கொறஞ்சுபோச்சா?"

"ஆமா, தாது உப்பு. ஒரு டானிக் எழுதுறேன், தண்ணியில கலந்து மூணு வேளை குடுங்க. நீர் மாத்திரையும் மாத்திருக்கேன். ஒரு வாரத்துல கட்டாயம் வாங்க, திரும்ப ரத்தம் பாக்கணும்."

தாது உப்பு என்கிற வார்த்தை எனக்குப் புதிது இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பசு கன்று ஈன்றுவிட்டுப் படுத்தது. எழுந்திருக்கவில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து ஊசி போட்டார். "தாது உப்பு பத்தல" என்று ஒரு பை மாவு கொடுத்தார். "கூட ஒரு கை கல்லுப்பும் போட்டுத் தவிட்டுல கலந்து வைங்க" என்றார். பசு நாலாம் நாள் எழுந்து நின்றது. என் கணக்கில் தாது உப்பு என்றால் அதுதான். மாட்டுக்குக் கொடுத்தால் மாடு எழுந்திருக்கும், மனுஷிக்குக் கொடுத்தால் மனுஷி எழுந்திருப்பாள். எட்டு மாசமாக உப்பை நிறுத்திப் போட்டதால் வந்த வினை, இப்போது அவர்கள் வாயாலேயே ஒத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போ சோற்றில் உப்புப் போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒச்சாயி மேஜைக்குக் கீழே என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். எழுந்து வந்துவிட்டோம்.

வெளியே வந்ததும் கேட்டாள்.

"ஏய்யா, உப்பு கொறஞ்சுபோச்சுன்னுதான அந்தப் பிள்ள சொல்லுச்சு?"

"ஆமா."

"எங் காதுலயும் அப்பிடித்தான் விழுந்துச்சு." கொஞ்ச தூரம் நடந்தாள். "நெத்திலிக் கருவாடு வாங்குவமா?"

வாங்கினோம். அன்றைக்கே குழம்பு வைத்தாள். முதல் வாய்ச் சோற்றை மெல்லாமல் அப்படியே வாயில் வைத்திருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அப்புறம் விழுங்கிவிட்டு, "செத்த நாக்கு பொழச்சிருச்சுய்யா" என்றாள். மூன்று தடவை சோறு வாங்கினாள். எட்டு மாசத்தில் அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

டானிக்கை ஒரு மூடி குடித்துவிட்டுத் துப்பினாள்.

"தூ, கழுத மூத்திரம் மாதிரி இருக்கு."

"அத நீ எப்பக் குடிச்ச?"

"ஒனக்கு வாக்கப்பட்ட அன்னைக்கு."

உடம்பு கேட்கிறது உப்பு, அதுதான் சோற்றில் போகிறதே, இந்தக் கருமம் எதுக்கு என்று நானே சொல்லிப் பாட்டிலை மாடத்தில் தள்ளி வைத்தேன். இதைச் சொன்னது நான். அவள் இல்லை.

மகள் தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள். "உப்புச் சேக்கலையேம்மா?" என்று கேட்காமல் வைக்க மாட்டாள். ஒச்சாயி ஒரு கையில் போனும் ஒரு கையில் மோர்மிளகாயுமாக, "அட இல்லடி, மண்ணத் திங்கிற மாதிரிதான் திங்கிறேன்" என்பாள். என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷம். இப்படி ஒரு கூட்டுக் களவாணித்தனம் நாங்கள் பண்ணியதே இல்லை. எனக்கும் அது பிடித்திருந்தது.

ஆறாம் நாள் பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மொகம் இப்பிடி மினுமினுங்குது? அண்ணே என்னத்த ஊட்டுறாரு?" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஊட்டம் ஏறுகிறது என்று நினைத்தேன். சித்திரையில் உப்பியிருந்த அதே முகம்தான் அது. அதைப் பார்த்தவனும் நான்தான். ஆனாலும் தெரியவில்லை. ஒரு வாரத்தில் வரச் சொன்னார்களே என்றேன். "நல்லாத்தான இருக்கேன், போனா திரும்ப எதையாச்சும் நிறுத்தச் சொல்லுவாக" என்றாள். போகவில்லை.

ஒன்பதாம் நாள் மல்லாந்து படுக்க முடியவில்லை. பத்தாம் நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கினாள். போவோம் என்றேன், நாளைக்கு என்றாள். பதினோராம் நாள் காலையில் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. மகள் திருமங்கலத்தில் ரோட்டில் நின்று ஏறிக்கொண்டாள்.

அதே டாக்டர்தான் இருந்தார். ஒச்சாயி மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மூடி மாட்டியிருந்தார்கள். டாக்டர் என்னிடம் வந்தார்.

"ஐயா, அம்மா உப்பு ஏதும் கூடச் சாப்பிட்டாங்களா? அந்த டானிக் குடிச்சாங்களா?"

மகள் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க சொன்னபடிதான் எல்லாம்" என்றேன்.

டாக்டர் பழைய காகிதங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். எங்கே தப்பு என்று தன் கையெழுத்திலேயே தேடினார். ஒச்சாயி மூடிக்குள் இருந்து என்னைப் பார்த்தாள். அவளும் இல்லை என்று தலையாட்டவில்லை. இருதயம் தாளம் தப்பி ஓடுகிறது என்று எல்லாரும் ஓடி வந்தார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா, தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை.

நீர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள் என்கிற சேதி அருள்பாண்டி காதுக்குப் போனது. அவ்வளவு போதும் அவனுக்கு.

"மச்சான், நல்லா இருந்த அக்காளுக்கு மாத்திரைய மாத்துனது யாரு? அந்தப் பொம்பள டாக்டரு. படிச்சு முடிச்ச ஈரம் காயல, அதுக்குள்ள ஆளக் கொல்லுறா. திங்கக்கெழமை மனுவக் குடுத்துட்டு ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்துருவோம். நீங்க முன்னால உக்காந்தாப் போதும்."

"பாப்போம் மாப்ள" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டாம் நாள் படையல். செத்தவளுக்குப் பிடித்ததை ஆக்கி வைக்க வேண்டும். மகள்தான் அடுப்படியில் நின்றாள். படைக்கிற சோற்றை ருசி பார்க்கக்கூடாது, கைக்கணக்கில்தான் உப்புப் போடுவார்கள். அவள் கருவாட்டுக் குழம்பில் ஒரு கை அள்ளிப் போட்டாள். திரும்ப ஒரு கை போட்டாள்.

"கூடிரும்த்தா" என்றேன்.

"கூடட்டும்ப்பா. எட்டு மாசம் உப்பில்லாம நாக்குச் செத்தே போனா. இன்னைக்காச்சும் திங்கட்டும்." சொல்லிக்கொண்டே அழுதாள். "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நாமளே குடுத்துருக்கலாம். பாழாப்போன டாக்டரு பேச்சக் கேட்டு, ஆசப்பட்டதக் குடுக்காமயே அனுப்பிட்டோம்."

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"தின்னாத்தா" என்றேன். "பதினோரு நாளு தின்னா. நான்தான் குடுத்தேன்."

கரண்டியோடு திரும்பினாள். எல்லாவற்றையும் சொன்னேன். தாது உப்பு என்றதையும், நெத்திலி வாங்கியதையும், மாடத்தில் இருக்கிற பாட்டிலையும், போனில் பேசிய பொய்யையும், ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய்யையும். அடுப்பில் குழம்பு தீய்கிற வாடை வந்தது. அவள் கவனிக்கவில்லை.

"தாது உப்புன்னா வேற, சோத்து உப்பு வேறப்பா" என்றாள் கடைசியில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிற குரலில் ஆரம்பித்து நடுவில் உடைந்துவிட்டது. "ஒரு வார்த்த. அந்த டாக்டருகிட்ட ஒரே ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னுருவாகன்னு தெரியும்த்தா. அதான் கேக்கல."

அன்றைக்குவரை எனக்கே நான் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. புரியாமல் செய்துவிட்டேன் என்றுதான் வைத்திருந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படையலை முறைப்படி முடித்தாள். அடி பிடித்த குழம்பைத்தான் வைத்தோம். அருள்பாண்டி வந்ததும், "மனு வேணாம் மாமா" என்றாள். "ஏன் தாயி?" என்று அவன் கேட்டதற்கு, "அம்மா விதி அம்புட்டுத்தான். அந்த டாக்டரம்மா மேல ஒரு தப்பும் இல்ல. விட்டுருங்க" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. காகிதத்தை அவன் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிப் பஸ்ஸுக்கு நடந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது, அதுதான் முறை. முறைக்காகச் சொல்லாமல் போனாளா, சொல்லப் பிடிக்காமல் போனாளா, எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்கலாம் என்று வாசல் வரைக்கும் வந்தேன். கேட்கவில்லை.