ஆறிய பின் இருபத்தாறு

வேனிலின் கடைசி நாள்கள். ஞாயிறு தன் ஆட்சியை விட்டிறங்க மனமின்றி, மறைந்த பின்னும் தார்ச்சாலையின் மேல் வெம்மையைக் காவல் வைத்துப் போகும். காற்று அசையாது. மரங்கள் இலையுதிர்க்கவும் சோம்பி நிற்கும். விடியற்பொழுது ஒன்றே உயிர்களுக்கு வாய்த்த தண்ணளி.

அத்தகைய ஒரு விடியலில் டயர் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். உள்ளே தங்கை கணவரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், முந்தின மாலை விட்டபடியே, தரையை ஒட்டிய தாழ்ந்த உடலோடு கிடந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் தங்கையும் மாப்பிள்ளையும் அதில் நானூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலைப் பயணம் புறப்பட வேண்டும். மறுநாள் அவள் புது வேலையில் சேர்கிறாள்.

வழக்கத்துக்காகத்தான் காற்றழுத்தம் அளக்கும் கேஜை வால்வில் வைத்தார். இருபத்தாறு. மாலையில் வண்டி வந்து நின்றதும் அவரே முப்பத்திரண்டு பவுண்டில் நிறுத்திய சக்கரம். அடுத்ததும் இருபத்தாறு. நான்கும் அப்படியே. சோப்பு நீர் பூசிப் பார்த்தார். ஒரு குமிழியும் எழவில்லை. நான்கும் பேசி வைத்துக்கொண்டா கசியும்?

முன்சக்கரத்தைத் திருப்பிக் குனிந்தார். நடுவில் சாலையைப் பற்றும் ரப்பர் பட்டன்கள் புதிதுபோல் நின்றன; இரு ஓரங்களும் மொட்டை. காற்றுக் குறைவாகவே ஓடிய டயரின் முகம் அது. அந்த முகத்தைக் காட்டி எத்தனையோ ஓட்டுநர்களைக் கடிந்திருக்கிறார்.

அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளை சனிதோறும் நெடுஞ்சாலையில் பறந்துவிட்டு நேரே இங்கே வருவார். சூடேறிய டயர் முதல் முறை முப்பத்தெட்டு காட்டியது. கதவோர ஸ்டிக்கர் சொல்லும் முப்பத்திரண்டோ ஆறிய டயருக்கானது. ஊரார் வண்டியை ஆறவிட்டே அளப்பவர், வீட்டு மாப்பிள்ளையைக் காக்க வைக்கலாகாதென்று, மிகுந்த காற்றைச் சுடச்சுட இறக்கி, பிறகும் வாரந்தோறும் சூட்டிலேயே அளந்து முப்பத்திரண்டில் நிறுத்தி அனுப்பியிருக்கிறார்.

காற்றை ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. திறந்தால் இருபது ஆண்டு மானம் ஒரே காலையில் கப்பலேறும்.

இருவரும் பெட்டியோடு வந்துவிட்டார்கள்.

"என்ன மச்சான், டயர் முன்னாடி தவமா? வரம் ஏதாவது கிடைச்சுதா?"

கடைக்காரர் சுற்றி வளைக்கவில்லை. "ஓரம் போச்சு, மாப்பிள்ளை. தப்பு என்னோடது. சூட்டோட காத்தை இறக்கி, சூட்டோடவே அளந்து நான்தான் தேய வச்சேன். வேகத்துல வெடிச்சுடும். இதுல என் தங்கச்சியை ஏத்த மாட்டேன்."

மாப்பிள்ளை குனிந்து ஓரத்தை விரலால் தடவினார். தங்கைதான் சொன்னாள்: "நீ சொல்லாம விட்டிருந்தா நாங்க சிரிச்சுக்கிட்டே ஏறியிருப்போம்ண்ணே."

அந்தக் கார் அளவில் புது டயர் கடையில் இருப்பில்லை. கடையின் பழைய வேனை எடுத்துக்கொள்ளும்படி கடைக்காரர் சாவியை நீட்டினார். புது அலுவலக வாசலில் சிவப்புக் காரில் போய் இறக்கிவிடக் கனவு கண்ட மாப்பிள்ளை, வேனை மேலும் கீழும் பார்த்தார்.

"இது தானா ஓடுமா, இல்ல நாங்க தள்ளணுமா?"

கேட்டாலும் சாவியை வாங்கிக்கொண்டார். முகம் மட்டும் முழுதும் தெளியவில்லை.

வேன் இரவெல்லாம் ஆறிக் கிடந்த வண்டி. கடைக்காரர் நான்கு சக்கரத்தையும் ஒன்றுக்கு இரண்டு முறை அளந்து சரிசெய்தார். கடைசிச் சக்கரத்தருகே மண்டியிட்டபடியே கரி படிந்த கைகளைக் கூப்பி, கண்மூடி, நாள்தோறும் ஓதும் துதியை உதடசையாமல் ஒருமுறை முழுதும் சொன்னார். பிறகு எழுந்து தங்கையின் தலையில் புறங்கையை வைத்தார்.

"வழியெல்லாம் துணையிருக்கும். போற இடத்துல நல்லா இருப்பே. போயிட்டு வாம்மா."