அறுபத்துமூன்றாம் பக்கம்

தமிழில் புத்தகம் போடுகிற எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் வெளியில் சொல்லாத உண்மை ஒன்று உண்டு. வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்குகிறவர் அதை வாசிக்கமாட்டார். வர்ணத்தாள் சுற்றி, றிபன் கட்டி, மேடையில் வைத்து அவர் கையில் கொடுப்பார்கள். அவர் காசு வைத்த கடித உறை ஒன்றை நீட்டுவார். புகைப்படக்காரர் "இஞ்ச பாருங்க" என்பார். அதோடு அந்தப் பிரதியின் ஆயுள் முடிந்தது. உறை அச்சகத்துக்குப் போகும், புத்தகம் ஷோகேஸுக்குப் போகும்.

அஜந்தா இந்த உண்மையை நம்பித்தான் தன் இருபதாவது விழாவில் ஒரு துணிச்சலான வேலை பார்த்தாள். தோணா வெளியீட்டகம் என்பது அவளும், அவளுடைய மடிக்கணினியும், மட்டக்களப்புக் கூழாவடியில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையும்தான். பதினொரு வருடத்தில் பத்தொன்பது புத்தகங்கள். இருபதாவது, ஏறாவூர் மீனவர் அப்துல் மஜீத் எழுதிய 'மண் கொட்டிய இடங்கள்'. ஊரார் ஆறு என்று சொல்கிற வாவியின் கரையில் எந்தத் துறையில் யார் எப்போது மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள் என்று வருடக்கணக்காகக் கொப்பியில் குறித்து வைத்திருந்த மனிதர் அவர். ஆளின் பெயர், திகதி, எத்தனை டிப்பர் என்று ஒன்றையும் விடவில்லை. அறுபத்துமூன்றாம் பக்கத்தில் விடுதிக்காரர் நல்லரத்தினம் முதலாளி இருந்தார். விழாவில் முதற்பிரதி வாங்கியவரும் அதே நல்லரத்தினம் முதலாளிதான்.

"என்ன புள்ள இது? பேர் கிடக்கிற ஆளுக்கே குடுக்கப் போறியா?" என்று மஜீத் அன்றைக்கே தலையில் கைவைத்தார். அவளுக்கு அவர் மூத்த அண்ணன் மாதிரி, காக்கா.

"அவர் வாசிக்கமாட்டார் காக்கா. வேற ஆரு இருக்கா உறை தாறதுக்கு?"

அவர் வாசிக்கவில்லைதான். ஆனால் பேசினார். பொன்னாடையை இழுத்து விட்டுக்கொண்டு, "இது வீட்டுக்கு வீடு இருக்கவேண்டிய நூல்" என்று முழங்கினார். மஜீத் முன்வரிசையில் இருந்து அண்ணாந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஜந்தாவுக்குச் சிரிப்பை அடக்கி வயிறு வலித்தது.

இரண்டு வருடம் போயிற்று. ஐந்நூறில் முந்நூறு பிரதிகள் முன்னறையில் அப்படியே கிடந்தன. ஐப்பசி பிறந்ததும் கூரை மூன்று இடத்தில் ஒழுகத் தொடங்கியது. பெட்டிகளை அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் இழுத்து அவளுடைய முதுகு விட்டுப்போனது. கடைசியில், மிஞ்சிய பிரதிகள் பாதி விலைக்கு என்று முகநூலில் ஓர் அறிவித்தல் போட்டாள். மறுநாளே தொலைபேசி வந்தது. ஏதோ வாசிப்பு மன்றமாம், கிராமத்து நூலகங்களுக்குக் கொடுக்கவாம், முந்நூறும் வேண்டுமாம், அதுவும் முழு விலைக்கு. அஜந்தா போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

ஏற்றிப் போகப் பட்டா லொறியோடு வந்தவர் தனோஜன், வவுணதீவுக்காரர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். மன்றத்தார் தந்தது என்று ஒரு கடித உறையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பெட்டிகளை ஏற்றி முடித்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"படங்கு போட்டு மூடுங்க தம்பி. நனைஞ்சிரும்."

"நனைஞ்சா என்னக்கா? சூளைக்குத்தானே போகுது."

"எந்தச் சூளைக்கு?"

"நல்லரத்தினம் முதலாளிட செங்கல் சூளைக்கு. பழைய கடதாசி, எரிக்கிறதுக்கு எண்டுதான் எனக்குச் சொன்னாங்க." அவளுடைய முகத்தைப் பார்த்ததும் தனோஜனின் குரல் இறங்கியது. "ஏன்கா, அப்பிடி இல்லையா?"

நடந்தது அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. முதலாளியின் மருமகள் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து நிற்பது ஊரறிந்த செய்தி. வாசிக்கிற பழக்கமுள்ள பெண். ஷோகேஸில் றிபனோடு ஒரு புத்தகம் கிடந்தால் சும்மா விடுவாளா? அறுபத்துமூன்றாம் பக்கம் முதலாளியின் காதுக்கும் எட்டியிருக்கும்.

அஜந்தாவுக்கு வந்தது சாதாரணக் கோபமில்லை. ஒரு மனிதன் ஆற்றில் நின்று, கால் விறைக்க விறைக்கப் பார்த்து எழுதியதைச் செங்கல் வேகவைக்கக் கொண்டுபோகிறார்கள். அதற்கு நூலகம் என்று பெயர் வேறு. அவள் உறையைப் பிரிக்காமலே தனோஜனின் சட்டைப்பையில் செருகினாள். லொறியில் ஏறி முதல் பெட்டியைத் தானே தூக்கினாள்.

"இதக் கொண்டு போய் முதலாளிட கையில குடுங்க. சாமான் இல்லையெண்டு சொல்லுங்க."

தனோஜன் ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினார். நின்றபடியே இரண்டு பக்கம் வாசித்தார். பிறகு மற்றப் பெட்டிகளையும் இறக்கினார்.

மாலையில் மஜீத் வந்தார். கதையைக் கேட்டுக் கோபப்படுவார் என்று பார்த்தால் தாடியைத் தடவிச் சிரித்தார். "எரிக்கிற அளவுக்கு மதிச்சிருக்கான். ஆனா புள்ள, வீட்டில வெச்சிருந்தா மழைக்கும் போயிரும், அவனுக்கும் போயிரும். ஆத்துச் சனத்தப் பத்தின புத்தகம். ஆத்துக்குக் கொண்டு போவம்."

சனிக்கிழமை காலை இருவரும் இரண்டு பெட்டிகளோடு குருக்கள்மடத்தில் பாதை ஏறினார்கள். பாதை என்றால் இங்கே வாவியைக் கடக்கிற இரும்புத் தெப்பம். மோட்டார் சைக்கிள், நெல்மூட்டை, ஆடு, பள்ளிக்கூட ரீச்சர் எல்லாம் அதில்தான் அம்பிளாந்துறைக்குப் போகவேண்டும். ஏறினால் மறுகரை வரும்வரை சும்மா நிற்பதைத் தவிர வேறு வேலையில்லை. புத்தகம் விற்க இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது, ஆனால் பதின்மூன்று வருடமாக அவளுக்கு அது தோன்றியதேயில்லை. மண்டபம் பிடித்து, மைக் பிடித்து, பிரமுகர் பிடித்துத்தானே பழக்கம்!

"அண்ண, உங்கட துறை எது?" என்பாள்.

"கிண்ணத்துறை. ஏன்?"

"நாப்பத்தோராம் பக்கம்." பிரித்துக் கையில் கொடுத்துவிடுவாள்.

அவ்வளவுதான். அந்த ஆள் வாசிப்பார். முதலில் புருவம் ஏறும். பிறகு பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடுவார். "இஞ்ச பாருகா, நம்மட பெரியப்பா வல போட்ட இடம்!" பிறகு சட்டைப்பைக்குக் கை போகும். புத்தகமே வாங்கியறியாதவர்கள் வாங்கினார்கள். ஒருவர், தன் துறையின் பெயர் இல்லை என்று மஜீதோடு சண்டைக்கு நின்றார். மஜீத் காதிலிருந்த பென்சிலை எடுத்து அவர் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது பயணத்தில் நல்லரத்தினம் முதலாளி ஏறினார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சேட், கைக்குள் அடக்கிய கார்ச் சாவி. சேதி போயிருக்கிறது. பேசி முடித்துவிட்டு உடனே இறங்கலாம் என்று நினைத்தவர் போலிருந்தது. அதற்குள் பாதைக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

"என்ன பிள்ள இது, ஐஸ்பழம் விக்கிற மாதிரி? எல்லாத்தையும் கட்டு. நான் எடுக்கிறன்."

"ஆளுக்கு ஒண்டுதான் ஐயா."

"இரட்டிப்பாத் தாறன்."

"வீட்டுக்கு வீடு இருக்கவேணும் எண்டு நீங்கதானே மேடையில சொன்னீங்க? உங்கட வீட்டில ஒண்டு கிடக்கு. எல்லாம் உங்களுக்கே தந்தா மத்த வீட்டுச் சனத்துக்குக் காணாதே."

அவர் கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்தினார். அவள் இருக்கிற வீட்டின் சொந்தக்காரர் தன்னுடைய ஆள் என்றார். அடுத்த மாதம் முன்னறையும் இருக்காது, தோணாவும் இருக்காது என்றார்.

 வெறும் மிரட்டலில்லை, செய்யக்கூடிய மனிதர். பதின்மூன்று வருடமும், இனி வரவேண்டிய புத்தகங்களும், தலைக்கு மேலிருந்த கூரையும் அந்த ஒரு நிமிடத்தில் அவள் கண்முன்னே வந்து நின்றன. கட்டித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் மிஞ்சும். அவள் தொண்டையைச் செருமினாள்.

"எஞ்சின் சத்தத்தில கேக்கல்ல ஐயா," என்றாள், பாதை முழுக்கக் கேட்கும்படி. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

பாதைக்காரர் எஞ்சினைக் குறைத்தார்.

 நெற்றி வேர்க்க நல்லரத்தினம் சுற்றிப் பார்த்தார். நாலு பக்கமும் தண்ணீர். பாதி ஆட்களின் கையில் புத்தகம். அப்போது மேனுகா என்கிற இறால்காரி, கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு பிரதியை வாங்கி அறுபத்துமூன்றாம் பக்கத்தைப் பிரித்தாள். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கிற பிள்ளையைப் போல, சொல் சொல்லாக வாசித்தாள்.

"வெட்டாத்துறையில் இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு மாசி மாதம் ஏழாந் திகதி தொடங்கி, பதினாறு நாளில் இருநூற்றுப் பத்து டிப்பர் மண் கொட்டப்பட்டது. கொட்டுவித்தவர் நல்லரத்தினம் முதலாளி. நாங்கள் இறால் பிடித்த இடத்தில் இப்போது அவருடைய விடுதியின் நீச்சல் தடாகம் இருக்கிறது."

எங்கேயோ பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. ஆற்றை மூடி நீச்சல் தடாகம் கட்டிய கெட்டித்தனம் அப்போதுதான் எல்லோருக்கும் ஒன்றாக உறைத்தது. பாதையே சிரித்தது. மேனுகா மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தை அவர்முன் நீட்டினாள்.

"உங்கட பேர் கிடக்கு ஐயா. ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க."

"எனக்கும் ஒண்டு," என்று ஒருவர் நீட்டினார். "எனக்கும்." பேனைகள் வந்தன. நல்லரத்தினம் கையைத் தட்டிவிட்டார். "விலகுங்க! விலகுங்க!" விலக இடமிருந்தால்தானே! மூட்டைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில், அவர் பெயர் இருக்கிற பக்கங்கள் சுற்றிலும் திறந்து கிடந்தன.

கரை கிட்டியது. ஏறி இறங்கும் இரும்புத் தட்டைக் கரையில் இறக்கும்வரைகூட அவர் பொறுக்கவில்லை. ஆட்களை இடித்துக்கொண்டு முன்னே போய், வெள்ளைக் கால்சட்டையோடு தண்ணீருக்குள் குதித்தார். முழங்கால் தாண்டி இடுப்புவரை தண்ணீர் ஏறிற்று. அவர் திடுக்கிட்டு நின்றார்.

"கவனம் முதலாளி!" என்று மஜீத் மேலேயிருந்து கூப்பிட்டுச் சொன்னார். "இந்த இடத்தில இன்னும் மண் கொட்டல்ல!"