சூட்டில் ஓர் அளவு, ஆறியபின் ஓர் அளவு

சைலன்சரை மாற்றினால் சத்தம் கூடும். வேறு எதுவும் கூடாது. இதைத் தெரிந்துகொள்ள மூளைகூட வேண்டாம், காது போதும். ஆனால் கார்ப் பைத்தியங்களுக்கு அந்தக் காதுதான் எதிரி. சத்தம் ஏறினால் வேகமும் ஏறிவிட்டதாக நினைப்பு. குரைக்கிற நாய்க்குப் பல் அதிகம் என்று நம்புகிற கூட்டம்.

அந்தக் கூட்டத்தை வைத்துத்தான் குதிரைக்காரர் வெகுகாலமாகப் பிழைத்து வந்தார். குதிரைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வண்டிக்கு எத்தனை குதிரைத்திறன் என்று அளந்து சொல்வது அவர் வேலை. அதனால் கடைக்காரர்கள் வைத்த பெயர். அவர் வேலை பார்த்தது ஸ்போர்ட்ஸ் காருக்கு 'பவர் பார்ட்ஸ்' விற்கிற கடையில். போர்டில்தான் பவர் பார்ட்ஸ். அவர் வாயில் அதற்குப் பெயர் எப்போதும் 'அலங்காரச் சாமான்'. கடையின் பின்புறம் டைனோ இருந்தது. தரையில் பதித்த இரும்பு உருளைகள். பின்சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி, வண்டியைப் பெல்ட் போட்டுக் கட்டி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தால் வண்டி நின்ற இடத்திலேயே பறக்கும். பக்கத்துக் கண்ணாடி அறையில் கம்ப்யூட்டர் கோடு போடும். அந்தக் கோட்டை அச்சடித்து அவர் கையெழுத்துப் போடுவார்.

டர்போ வைத்த வண்டிக்கு, வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் கைவைத்தால் நிஜமாகவே சக்தி கூடும். அதை அவர் மறுத்ததில்லை. ஆனால் கடைக்கு வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் டர்போ இல்லாதவை. அவற்றுக்கு ஒரு வாய் பிளந்த ஏர் ஃபில்டரும் ஒரு தடித்த சைலன்சரும் மாட்டினால் ஒரு மண்ணும் நடக்காது. கம்பெனி இன்ஜினியர்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த குழாயை, வெல்டிங் கடைக்காரன் ஒரு மத்தியானத்தில் மிஞ்சிவிடுவானா? மிஞ்சுவான் என்று காகிதத்தில் காட்ட வேண்டியது குதிரைக்காரரின் பொறுப்பு.

அதற்கு அவர் பொய் எதுவும் சொல்வதில்லை. வண்டி ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து கொதிக்கும்போது, பானெட்டை மூடி, எதிரில் இருக்கும் ராட்சத ஃபேனையும் நிறுத்திவிட்டு முதல் தடவை அளப்பார். சூட்டில் இன்ஜின் மூச்சு வாங்கும். பிறகு புதுச் சாமான் மாட்டுவார்கள். அதற்குள் வண்டி நன்றாக ஆறிவிடும். இப்போது பானெட்டைத் திறந்து, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு இரண்டாவது தடவை அளப்பார். இருபது குதிரை கூடியிருக்கும். அந்த இருபதும் வண்டியின் சொந்தக் குதிரைகள். கொஞ்ச நேரம் ஒளித்து வைத்துத் திருப்பிக் கொடுத்தால் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்கள். விற்பது முதலாளி, வாங்குவது முட்டாள், நடுவில் எனக்கென்ன வந்தது என்று அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

முட்டாள்களில் எல்லாம் தலையாய முட்டாள் அவர் வீட்டுக்கே மருமகனாக வந்து வாய்த்தான். பெரிய கம்பெனியில் கண்ணியமான வேலை. கைநிறையச் சம்பளம், மண்டைநிறையக் கார். இரண்டு பேர் உட்காரும் பழைய சிவப்பு வண்டி ஒன்றை வாங்கி, மாமனார் வேலை செய்கிற கடையிலேயே ஃபில்டரும் சைலன்சரும் மாட்டிக்கொண்டான். அவனுக்கும் சூட்டில் ஒன்று, ஆறியபின் ஒன்று என்று அளந்து, அவர்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளை என்பதற்காக விஞ்ஞானம் மாறுமா? அந்தக் காகிதத்தை அவன் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினான். கல்யாணப் படம் அலமாரிக்குள் போனது.

அதுவரை அவருக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு சாயங்காலம் மகள் தனியாக வந்து சமையலறையில் நின்றபோது சிரிப்பு போய்விட்டது.

"அப்பா, அவரு வேலைய விடப்போறாரு."

"எதுக்கு?"

"உங்க கடையில கூட்டுச் சேரப் போறாராம். முதலாளி சரின்னுட்டாராம். நான் சொன்னா கேக்கல. அவங்க அம்மா அழுதும் கேக்கல."

குதிரைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். முதலாளியோடு கூட்டா? ஓட்டைப் படகில் ஏற ஒருவன் வரிசையில் நிற்கிறானே!

"அந்த ஃபில்டரும் சைலன்சரும் வெறும் குப்பைம்மா."

"அத அவருகிட்ட அளந்து காட்டுங்கப்பா. யார் பேச்சையும் கேக்க மாட்டாரு, உங்க பேப்பர்னா கேப்பாரு." ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள் அவள். அளந்து காட்டிவிட்டால் எதுவும் முடிந்துவிடும் என்று நம்பினாள்.

அவரும் அதையே நம்பினார். மாப்பிள்ளைக்குப் போன் செய்து, பழைய ஃபில்டரையும் சைலன்சரையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொன்னார். கடைக்கு விடுமுறை. மத்தியானம் ஒரு பல் டாக்டரை வண்டியோடு கூட்டி வருவதாகவும், அதற்குள் முடித்துக்கொள்ளும்படியும் முதலாளி சொல்லியிருந்தார்.

அன்று அவர் வேலை செய்த சுத்தம் அவருக்கே புதிதாக இருந்தது. பானெட்டைத் திறந்தார். ஃபேனைப் போட்டார். இன்ஜின் சூடு சரியான அளவுக்கு வரும்வரை காத்திருந்து, புதுச் சாமான்களோடு முதலில் அளந்தார். பிறகு அவற்றைக் கழற்றிப் பழையதை மாட்டினார். மாப்பிள்ளை ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். மறுபடி அதே சூடு, அதே ஃபேன், அதே திறந்த பானெட். மகள் கண்ணாடி அறையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனிச் சாமானோடு வண்டிக்கு நான்கு குதிரை அதிகம்.

"பாத்தீங்களா மாப்ளே?" அவர் குரலில் தேன் வழிந்தது. "நீங்க மாட்டினது இன்ஜின் சூட்டுக் காத்தையே உறிஞ்சுது. இருந்ததுல நாலு குதிரை போச்சு. மிச்சம் சத்தம்தான். இத நம்பியா இருக்கிற வேலைய விடுவீங்க?"

மாப்பிள்ளை காகிதத்தை வாங்கிப் பார்த்தான். அவன் முகம் வாடவில்லை. பார்த்துவிட்டு ஃபேனைப் பார்த்தான்.

"ஏன் மாமா, இன்னிக்கு மட்டும் மொதல் தடவையே ஃபேன் போட்டுட்டீங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆயிற்று.

"எப்பவும் மூடி வெச்சு, ஃபேன நிறுத்திதானே மொதல்ல அளப்பீங்க? என் வண்டிக்கும் அப்படித்தானே அளந்தீங்க?"

"தெரிஞ்சேவா வாங்கினீங்க?"

"சத்தம் நல்லா இருந்துச்சு மாமா." மாப்பிள்ளை சிரித்தான். "நான் என்ன சாமான நம்பியா வேலைய விடறேன்? உங்கள நம்பித்தான் விடறேன். சைலன்சர் எல்லாக் கடையிலயும் விக்குது. ஆனா உங்க கையெழுத்து இருந்தாத்தான் வாங்குறான். அத எனக்குக் கத்துக் குடுத்துட்டீங்கன்னா போதும்."

முட்டாள் என்று நினைத்தவன் இவ்வளவு காலமாக எதிரில் உட்கார்ந்து தொழில் படித்திருக்கிறான். ஏமாந்தவனாக இருந்திருந்தால்கூட அவரால் பொறுத்துக்கொண்டிருக்க முடியும். இவன் அவரை மெச்சுகிறான்.

மகள் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"அப்பா, இவரு சொல்றது நிஜமா?"

"எல்லாக் கடையிலயும் இப்படித்தாம்மா. வாங்குறவனுங்க யோக்கியத அப்படி."

"நான் அதக் கேக்கல."

"நிஜம்தான்."

"நான் லேப் வேலைக்குப் போனதே உங்களப் பாத்துதாம்ப்பா," என்றாள். "சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இல்லன்னு நான் எழுதிக் குடுத்தா எப்படி இருக்கும்?" அவளுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள்: "இவரு வர்றது உங்க கையெழுத்துக்காக. நீங்க இத நிறுத்திட்டா இவருக்கு இங்க வேலையே இல்ல. நிறுத்திடுங்கப்பா."

"சரிம்மா."

"இன்னியோட?"

"இன்னியோட."

அதை அவர் மனதாரத்தான் சொன்னார். அந்த நிமிஷம் அவருக்கு அது சுலபமாகவும் இருந்தது. வாசலில் ஒரு வண்டி வெடி வெடித்துக்கொண்டு வந்து நின்றது. மஞ்சள் வண்டி, கொதித்துப்போய் வந்திருந்தது. முதலாளி முதலில் இறங்கினார், அடுத்து ஓட்டி வந்த பல் டாக்டர் இறங்கினார். மனிதர் கையில் விரல் வெட்டிய தோல் கையுறை. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஊரில் வண்டி ஓட்டக் கையுறை!

"டாக்டர் சார் பேப்பரப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாராம்," என்று முதலாளி கண்ணைச் சிமிட்டினார்.

குதிரைக்காரர் வாயைத் திறந்தார். இன்று முதல் இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் அளப்பேன் என்று சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம். அதற்குள் டாக்டர் முந்திக்கொண்டார்.

"எனக்கு இந்த டெக்னிக்கல் விஷயமெல்லாம் வேணாங்க. மிதிச்சா மண்ட போய் சீட்ல அடிக்கணும். பக்கத்து கிளினிக்காரன் வண்டிய விட அஞ்சு குதிரையாவது கூட இருக்கணும். அவ்வளவுதான்."

இந்த ஆளுக்கு உண்மை எதற்கு? குதிரைக்காரரின் மனதுக்குள் பழைய இளக்காரம் பொங்கி வந்தது. பொங்கியதும் ஒரு தெம்பும் வந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? இவனுக்கு நான்கு குதிரை குறைகிறது என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய் நாற்பது வாங்குவான். கையுறை போட்ட இந்த ஜென்மத்துக்காக நான் ஏன் சோற்றில் மண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும்? அவர் மஞ்சள் வண்டியை உருளைமேல் ஏற்றினார். பெல்ட்டைக் கட்டினார். பானெட் மூடியே கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. ஃபேனும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் மாப்பிள்ளை போய் அதை நிறுத்தினான்.

"நான் பாத்துக்கறேன் மாமா."

மகள் டாக்டர் முன்னால் வந்து நின்றாள்.

"சார், ஃபேன் போட்டு அளக்கச் சொல்லுங்க. பானெட்டத் திறந்து வெக்கச் சொல்லுங்க. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி அளக்கச் சொல்லுங்க."

முதலாளியின் முகம் செத்துப்போயிற்று. டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குதிரைக்காரரைப் பார்த்துப் புன்னகை செய்தார். வலிக்காது என்று நோயாளிக்குச் சொல்கிற புன்னகை.

"அதெல்லாம் அவருக்குத் தெரியும்மா. இவரப் பத்தி விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். இவர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா எனக்குப் போதும்."

குதிரைக்காரர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். மகள் இன்னும் ஏதோ சொல்வது கண்ணாடி வழியே தெரிந்தது. அவர் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தார். அந்தச் சத்தத்தில் அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

சத்தம் அடங்கியபோது அவள் போயிருந்தாள். மாப்பிள்ளை போகவில்லை. ஆறியபின் அளப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.