பேணாட் கரையில் இல்லாத நாட்கள்

1

இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. கிண்ணியாவிலிருந்து பாதையில் வந்துகொண்டிருந்தேன். (எங்கள் பக்கத்தில் பாதை என்பது தெரு அல்ல, ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் மிதவை.) மத்தியான வெயிலில் கண் அயர்ந்துவிட்டது. கனவில் ஒரு நீளமான மர வாங்கு, அதில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாங்குக்குக் கீழே தரை இல்லை, கடல் இருந்தது. ஆனாலும் ஒருத்தியின் காலும் நனையவில்லை. ஓரத்தில் இருந்தவள் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாதை துறையில் முட்டியதும் விழித்துக்கொண்டேன். கனவு போய்விட்டது, அவள் போகவில்லை.

2

"1974ஆம் ஆண்டு, திருகோணமலையில் ஒரு வியாழக்கிழமை..." என்று தொடங்கினேன். அறிக்கை மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

"அன்று கடல் நீலமாக..." என்றைக்குத்தான் இல்லை?

பெயர் வைத்த பிறகுதான் அவள் அசைந்தாள். கிறேஸ், வயது இருபத்துநாலு. புருஷன் பேணாட் புல்மோட்டைப் பக்கம் கரையில் வாடி என்ற குடிசை போட்டுத் தங்கி, கடலுக்குப் போய் வலை போடுகிறவன். வந்தால் சில நாள் நிற்பான், போனால் பல வாரம் வரமாட்டான். பிள்ளைகள் இரண்டு. இரண்டாவது பேற்றில் அவளுடைய உயிர் போய்த் திரும்பியது. உடனே இன்னொன்று உண்டானால் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கிறேசுக்கு இன்னொரு பிள்ளை ஆசை உண்டு. ஆனால் இப்போது அல்ல, உடம்பு தேறிய பிறகு. அதற்காகத்தான் கர்ப்பம் தரிக்காமல் இருப்பதற்கான குளிசை வாங்கக் கிளினிக்குக்குப் போனாள்.

3

கிளினிக்கில்* செவ்வாய்க்கிழமை துறைமுகக் குவாட்டர்சில் இருக்கும் சிங்களப் பெண்களுக்கு. வியாழக்கிழமை தமிழ் பேசுகிறவர்களுக்கு. அதே அலுமாரி, அதே குளிசை. செவ்வாயில் ஒரு மருத்துவிச்சி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர்களுடைய பாஷையில் ஆறுதலாக விளங்கப்படுத்துவாள். வியாழனில் மிஸி மட்டும். தாதியை எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது. பெட்டியைக் கையில் வைத்து, நன்றாகச் சிரித்து அனுப்பிவிடுவாள்.

மிச்சத்தைப் பெண்கள் தாங்களே யோசித்தார்கள். கிண்ணியாவிலிருந்து வரும் நஜ்முன் நிஸாவின் மாப்பிள்ளையும் (புருஷனை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) கடலுக்குப் போகிறவர். அவள் கேட்டாள்: "அவர் கடல்ல நிண்டா எனக்கேன் குளிசை?" கிறேசுக்கு அது நியாயமாகப் பட்டது. பேணாட் வீட்டில் நின்ற நாட்களில் விழுங்கினாள். அவன் போனதும் மருந்தை வீணாக்கக்கூடாது என்று பெட்டியை மூடிக் குசினியில், அடுப்புக்கு மேலே இருந்த தட்டில் வைத்தாள்.

சிரிக்காதீர்கள். தினமும் விழுங்கவேண்டும் என்று ஒருவரும் சொல்லாத மருந்தை நீங்களும் இப்படித்தான் சேமித்திருப்பீர்கள்.

*இந்தக் கிளினிக்கும் அதன் நாள் பிரிப்பும் என் கற்பனை. என் கோபம் மட்டும் கற்பனை அல்ல.

4

கிறேசுக்கு உண்டாகி, மூன்றாம் மாதம் கலைந்தது. அவளும் கூடவே செத்திருப்பாள், மயிரிழையில் தப்பினாள். வியாழக்கிழமைக்காரிகள் வேறு பலருக்கும் வயிறு தெரிந்தது. கிளினிக் டொக்டர் ஒரு முடிவுக்கு வந்தார்: இந்த ஆட்களுக்குக் குளிசை சரிவராது. அதன் பிறகு வியாழனில் பிள்ளைப்பேற்றையே நிறுத்தும் ஒப்பரேசன் மட்டும்தான். செவ்வாயில் குளிசை வழமைபோல நடந்தது.

மிஸியைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். அவள் வசப்படவில்லை. இரத்தம் போய்க் கிடந்த கிறேசின் தலையைத் தடவிக்கொண்டு நின்றவள் அவள்தான். நல்ல மனிதர்கள் செய்கிற அநியாயத்தை எழுதுவது பெரிய தொல்லை, கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவதென்று தெரிவதில்லை.

5

கிறேஸ் சந்தையில் மீன் விற்றுக் கொஞ்சம் சிங்களம் பிடித்துவைத்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, தனக்குரியதல்லாத வாங்கில் போய் உட்கார்ந்தாள். மருத்துவிச்சியின் குரல் அலை மாதிரி வந்து வந்து போனது. பாதி விளங்கியது. தினமும் ஒன்று என்பது முழுதாக விளங்கியது.

புருஷன் கடலில் நிற்கும்போதுமா என்று கேட்டாள். வாங்கு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை. பக்கத்தில் இருந்த கடற்படைக்காரரின் மனைவி, தானும் முதன்முதலாக வந்தபோது இதையேதான் கேட்டதாகச் சொன்னாள்.

அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கே பதில் கிடைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

6

இனி வியாழக்கிழமை.

முதலாவது முடிவு: கிறேஸ் ஒப்பரேசனுக்குச் சம்மதித்து...

இரண்டாவது: வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறாள். பேணாட் சிரித்துக்கொண்டு வேலிப் படலையைத் திறக்க, அவள் பயந்து... (பேணாட் நல்லவன். அவனைக் கண்டு அவள் பயப்படுவதை எழுத எனக்கு மனம் வரவில்லை.)

மூன்றாவது: டொக்டர் தன் பிழையை உணர்ந்து மன்னிப்புக் கேட்கிறார். என் கனவுகூட இதை நம்பாது.

நான் இப்படி அடித்து அடித்து எழுதிக்கொண்டிருக்க, கிறேஸ் வாங்கிலிருந்து எழுந்துவிட்டாள். பக்கத்தில் நஜ்முன் நிஸாவும் எழுந்தாள். கீழே கடல் மெல்ல அசைந்தது. கிறேஸ் சந்தைச் சிங்களத்தில்தான் பேசினாள், எனக்கு மட்டும் அது தமிழில் கேட்டது.

"மிஸி, எங்களுக்கு விளங்காமலில்லை. ஒருத்தரும் சொல்லேல்லை. பிள்ளை பெறுறதையே முடிக்கச் சொல்லாதேங்கோ. நான் கொஞ்சக் காலம் பொறுக்கத்தான் கேட்டனான்."

சொல்லிவிட்டு, அன்று பாதையில் பார்த்தது போலவே, என்னைத் திரும்பிப் பார்த்தாள். முடிவு எழுதத் தூக்கிய பேனையை நான் கீழே வைத்துவிட்டேன்.

7

மிஸியின் கை குளிசை அலுமாரியின் பிடியில் இருக்கிறது. உள்ளறையில் டொக்டர் இருமுகிறார். ஞாயிற்றுக்கிழமை பேணாட் வருகிறான். அலுமாரி திறக்குமா என்று கிறேஸ் உங்களைத்தான் கேட்கிறாள். பதிலை நீங்களே சொல்லுங்கள். ஆனால் தமிழில் சொல்லுங்கள், அவளுக்கு விளங்கும்வரை இருந்து சொல்லுங்கள்.