ஒரு பட்டன் காற்று

கராம்பு கண்ணைத் திறந்துவிட்டான் என்று ரேடியோ நாடகத்தில் சொன்னபோது, நான் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைக் கவுனுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மெஷினை மிதித்த கால் அப்படியே நின்றுவிட்டது. "நான் எங்கே இருக்கிறேன்?" என்று ஒரு குரல் கேட்டது. தேன் ஒழுகுகிற குரல். சவர்க்கார விளம்பரத்தில் பேசுகிறவன் குரல்.

"அட நாசமாப் போறவனே" என்றேன் ரேடியோவைப் பார்த்து. கராம்புக்கு அந்தக் குரல் கிடையாது. கராம்புக்கு எந்நேரமும் தொண்டை கட்டினமாதிரிக் கரகரத்த குரல், ஏனென்றால் விளையாட்டில் அவனாக இருந்து பேசியவர் என் புருஷன் நாகமுத்து. கொழும்புக்குப் போன மனுஷன் பன்னிரண்டு வருஷமாகத் திரும்பி வரவில்லை. அவர் வராமல் கராம்பை எழுப்ப எவனுக்கும் உரிமை இல்லை. அவரே போட்ட சட்டம் அது. நாடகம் முடிந்ததும், 'மூலக்கதை மாத்தளை மஹ்ரூப்' என்று சொன்னான் ஒருத்தன். கவுனை அப்படியே போட்டுவிட்டு, குடையைத் தூக்கிக்கொண்டு, கதவைப் பூட்டினேன். என் புருஷனோடு விளையாடிய அந்த மஹ்ரூப் நானாவை இன்றைக்கு உண்டா இல்லையா என்று கேட்காமல் விடுவதில்லை.

அன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. திருகோணமலை வீதியில் பாதிக் கடைகள் பூட்டு. சந்தியில் ஆமிக்காரன் அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த நேரம். எனக்கு இருந்த கோபத்தில் அவனிடமும் இரண்டு வார்த்தை சிங்களத்தில் கேட்டிருப்பேன். வாயை அடக்கிக்கொண்டேன்.

இந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்குள் வந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த வருஷம், அவர் சீகிரியாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரூம் பாயாக இருந்தார். வெள்ளைக்காரர்கள் அருகிப்போன காலம். வந்த ஒருத்தனும் கட்டிலுக்கு அடியில் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தையும், எட்டு மூலை பத்து மூலை என்று கண்டபடி முகம் வைத்த பகடைகளையும் விட்டுவிட்டுப் போய்விட்டான். எங்கள் வீட்டுக்காரருக்கு அதில் படம் மட்டும்தான் புரிந்தது. கப்பல், நட்சத்திரம், இரும்பு மனுஷன். இங்கிலீஷ் படிப்பிக்கிற இத்ரூஸ் மாஸ்டரிடம் கொண்டுபோனார். மாஸ்டர் தன் கூட்டாளி மஹ்ரூப் நானாவின் ரேடியோ திருத்துகிற கடையின் பின்னறையில் உட்கார்ந்து அதை வாசித்துச் சொன்னார். இன்னும் இருநூறு வருஷம் கழித்து நடக்கிற கதையாம். ஒருத்தர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதற்குள் ஆளாகி, நான் இன்னது செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். போயாவுக்குப் போயா, பள்ளிக்கூடமும் கடையும் மூடியிருக்கிற நாளாகப் பார்த்து, மீசை முளைத்த மூன்று ஆம்பளைகள் சம்மணம் போட்டுச் சந்திரனுக்குப் போய்வந்தார்கள்.

"வரும்போது சந்திரன்லருந்து அரைக் கிலோ வெங்காயம் வாங்கிட்டு வாங்க" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

முதலில் புத்தகத்தில் உள்ளபடிதான் ஆடினார்கள். சுடுவது, கொள்ளையடிப்பது, கேப்டன் என்னமோ என்று வாயில் நுழையாத பேர். பிறகு அவருக்கு அது பிடிக்கவில்லை. "எல்லாரும் சுட்டுக்கிட்டே இருக்கானுங்க, அங்க வேல செய்றது யாரு?" என்று வீட்டில் என்னிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும்? அவரே சந்திரனில் ஒரு தோட்டம் போட்டார். காலையில் பிரட்டுக்கு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, ஆள் கூட வேண்டும். அங்கே சம்பளம் காற்று. நாள் முழுக்க வேலை செய்து கணக்கில் பேர் விழுந்தால் முழுக் காற்று, அரைப்பேர் என்றால் பாதிக் காற்று. எந்த நாட்டு ஆள் என்று கடுதாசி இல்லாதவனுக்கு, எல்லாருக்கும் கொடுத்த பிறகு மிச்சம் இருந்தால். அதை எங்கேயிருந்து எடுத்தார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த என் மாமனார் சாகிறவரைக்கும் எந்த நாட்டு ஆளும் இல்லை. கப்பலுக்குப் பேர் 'பீலி'. அவர் பிறந்த லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் வந்தது மலையிலிருந்து இறங்குகிற ஒரு பீலிக் குழாயில்தான். கெஸ்ட் ஹவுஸ் மூடி, வாசனைச் சாமான் கட்டுகிற ஸ்டோருக்கு அவர் வேலைக்குப் போனபிறகு விளையாட்டில் வைக்கிற ஆட்களும் அங்கிருந்தே வந்தார்கள். அவருக்கு ஒரு கராம்பு, மாஸ்டருக்கு ஒரு கறுவாத் துண்டு, நானாவுக்கு ஓர் ஏலக்காய். காற்றுக்குக் கணக்கு வைக்க என் பட்டன் டப்பாவையே தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஊருக்கே பட்டன் தைக்கிறவள் வீட்டில் ஒரு பட்டன் இல்லை என்று நான் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமா?

எண்பத்தெட்டு, எண்பத்தொன்பதில் தெற்கில் கிளர்ச்சி, ஊரடங்கு, பஸ் ஓடாது, ஆற்றில் பிணம். மூன்று பேரில் யாராவது ஒருத்தர் வர முடியாமல் போகும். வராதவனின் ஆளை மற்றவர்கள் நடத்தலாம் என்று புத்தகத்தில் இருந்ததாம். ஒரு தடவை இவர் போகாத நாளில் மாஸ்டர் கராம்புக்காகப் பேசி, கப்பலின் பாதியை அடகு வைத்துவிட்டார். கேள்விப்பட்டதும் என் புருஷன் துள்ளிய துள்ளல்! அந்த மனுஷனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "நா இல்லாத நேரத்துல என் வாயால நீங்க எப்படிப் பேசலாம்?" என்றார். அன்றைக்குப் போட்டார் சட்டத்தை. வராதவனின் ஆள் உறங்கும் பெட்டியில் படுத்துக்கொள்வான். வந்தவன்தான் தன் ஆளை எழுப்பலாம். அதுவரைக்கும் மற்றவர்கள் ஒவ்வொரு போயாவுக்கும் தங்கள் உழைப்பிலிருந்து ஒரு பட்டன் காற்று அவனுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவன் செத்துப்போவான்.

பிறகு இத்ரூஸ் மாஸ்டர் அதைப் பள்ளிக்கூடத்தில் நாடகமாகப் போட்டார். தேயிலைப் பெட்டிதான் உறங்கும் பெட்டி. நானும் போயிருந்தேன். பெட்டிக்குள் படுத்த பிள்ளைக்குக் காற்றுக் கொடுக்க, எதிரில் இருந்தவன் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சனம் மூக்கை உறிஞ்சியது. எங்கள் ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. கசெட்டில் பதிந்தால் தோட்டந்தோட்டமாகக் கேட்பார்கள் என்று தொண்ணூற்றாறில் கொழும்புக்குக் கிளம்பினார். கசெட் பதிகிற ஒருத்தரைப் பார்க்கவேண்டும், இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்றார். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கினார். அன்றிரவு ஆமியின் சுற்றிவளைப்பு. அவர்கள் ஏற்றிக்கொண்டு போன ஆட்களில் மற்ற எல்லாரும் வந்தார்கள். இவர் வரவில்லை. நான் போகாத முகாம் இல்லை, விழாத கால் இல்லை. எங்கே கேட்டாலும் அப்படி ஓர் ஆளே இல்லை என்றார்கள்.

மாஸ்டரும் நானாவும் வீட்டுக்கு வந்தார்கள். வந்த முகத்துக்கு ஒரு ப்ளேன்டீ கொடுத்தேனா? "ஒங்க வெளையாட்டுதான் அவர முழுங்குச்சு. இனி என் வாசல்ல கால் வைக்காதீங்க" என்றேன். அவர்களும் வைக்கவில்லை. அதன்பிறகு தெருவில் கண்டாலும் நான் குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விடுவேன். பழகிய ஆளை இவ்வளவு லேசாகக் கைகழுவிவிட்டார்களே என்று உள்ளுக்குள் எரியும். வரவேண்டாம் என்று சொன்னவளும் நான்தான், ஏன் வரவில்லை என்று எரிந்தவளும் நான்தான்.

மஹ்ரூப் நானா கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். பின்னறையில் மனுஷன் தனியாக உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"யாரக் கேட்டு அவர எழுப்புனீங்க?" என்றேன்.

"நான் எழுப்பல்ல தங்கச்சி."

"ஒங்க பேரத்தான சொல்றான் ரேடியோவுல!"

"கதையக் குடுத்தது நான்தான். கராம்பு மட்டும் கடைசி வரைக்கும் உறங்கணும், அவன்ட வாயால ஒருத்தனும் பேசப்படாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சரின்னாங்க. முதல்ல காத்துச் சம்பளம் வெட்டுற கதையத் தூக்கிட்டாங்க. பொறகு ஒரு பொம்புளப் புள்ளயச் சேத்தாங்க. இப்ப அந்தப் புள்ளக்கி மாப்புள வேணுமாம், கராம்ப எழுப்பிட்டாங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நெஞ்சே அடச்சிப் போச்சு."

"எதுக்குக் குடுத்தீங்க? யாரு கேட்டா?"

அவர் தாடியைத் தடவினார். "எங்கயாச்சும் ஒரு மறியல்ல அடச்சி வெச்சிருந்தா, அங்கயும் ஒரு ரேடியோ ஈக்கும்தானே. 'பீலி'ங்குற பேரு காதுல விழுந்தா, நாங்க இன்னும் கப்பல ஓட்டுறோம்னு வெளங்கிக்குவான்னு நெனச்சேன்."

தன் கராம்பின் வாயால் வேறு ஆள் பேசியதை என் புருஷன் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்றுதான் அப்போது தோன்றியது. நானாவின் முகத்தில் அதே பயம் இருந்தது.

அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். அட்டையில் கையால் கீறிய கப்பல். அதன் நடுவில் மூடி வைத்த ஒரு தீப்பெட்டி. பக்கத்தில் ஓர் ஏலக்காய், வெளிறிப்போய். ஓரத்தில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் நிறையப் பட்டன். என் பட்டன்கள். நீலம், பச்சை, சிப்பி, நான்கு துளை, இரண்டு துளை. எந்த வருஷம் எந்தச் சட்டைக்கு வாங்கினது என்றுகூடச் சொல்லுவேன்.

"இதெல்லாம் என்ன?"

"அவன் சுவாசிச்ச காத்து. போயாவுக்கு ஒண்டு. ஒரு போயா விடல்ல தங்கச்சி. நானும் மாஸ்டரும் மாறி மாறிக் குடுத்தோம்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மாதாமாதம் இந்த அறையில் இரண்டு கிழங்கள் உட்கார்ந்து என் புருஷனைச் சாகவிடாமல் வைத்திருந்திருக்கின்றன. நான் குடையைச் சாய்த்துக்கொண்டு போயிருக்கிறேன். இத்ரூஸ் மாஸ்டர் மவுத்தானபோது அந்தச் சாவு வீட்டுக்குக்கூட நான் போகவில்லை.

"மாஸ்டர்ட ஆளு?" என்றேன்.

"கறுவாவ கப்பல்லருந்து எறக்கிட்டேன். மவுத்தானவன் எறங்கத்தான் வேணும். வராதவன் உறங்குவான். ரெண்டும் வேற." ஏலக்காய்க்கு முன்னால் இருந்த இரண்டு பட்டன்களைக் காட்டினார். "மாஸ்டர் போனதுலருந்து வேல ஒண்டும் நடக்கல்ல. தனிய வெளையாட ஏலா. ஒருத்தர் சொல்லணும், ஒருத்தர் பதில் பேசணும். இருந்ததக் குடுத்துக்கிட்டு வாறேன். இண்டைக்கி ஒண்டு குடுத்தா மிச்சம் ஒண்டு. அடுத்த போயாவோட அதும் முடியும்."

"பட்டன்தான நானா? எங்கிட்ட டப்பா டப்பாவாக் கெடக்கு. இப்பவே எடுத்துக்கிட்டு வாறேன்."

"சும்மா கொண்டாந்து கொட்டேலா தங்கச்சி. ஒழச்சி எடுக்கணும், பேரு விழணும். நாகமுத்துட சட்டம்."

பாவி மனுஷன், இல்லாத ஊரில் இருந்துகொண்டும் என்னிடம் வீம்பு பிடிக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியில் அழுகையாகிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். நானா தலையைக் குனிந்து பகடையை உருட்டிக்கொண்டிருந்தார்.

அவர் இருந்த அத்தனை வருஷத்தில் ஒரு போயாவாவது வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். வா, சும்மா பாரேன் என்று எத்தனை தடவை கூப்பிட்டார். தைக்கக் கிடக்கிறது என்றேன். என்றைக்குத்தான் தைக்கக் கிடக்கவில்லை?

"நா வெளையாடுறேன்" என்றேன். "சொல்லிக் குடுங்க."

நானா எழும்பிப் போய், சமையல் தட்டிலிருந்து ஒரு சிரட்டையில் வாசனைச் சாமான் கொண்டுவந்து வைத்தார். "ஒரு ஆள எடுங்க." நான் ஒரு மிளகை எடுத்தேன். "பொருத்தமாத்தான் ஈக்கிது" என்றார், முகம் மாறாமல்.

மிளகாகிப் பிரட்டுக்குப் போனேன். கங்காணி, கடுதாசி எங்கே என்று கேட்டான். எனக்கு வந்ததே கோபம், அவனை அவன் பரம்பரையோடு இழுத்து இரண்டு கேள்வி கேட்டேன். நானா பகடையை உருட்டிப் பார்த்துவிட்டு, கங்காணி பயந்துட்டான் என்றார். சந்திரனின் கல்லை உடைத்து, கூடை சுமந்து, எப்படியோ பொழுது சாய்ந்தது. முழுப்பேர் விழுந்தது. நானா ஒரு பச்சைப் பட்டனை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இப்ப கப்பலுக்குள்ள வாறீங்க. நீட்டுக்கு ஒரு வழி. கடைசில உறங்கும் பெட்டி. மேல கண்ணாடி. உள்ளுக்குக் கராம்பு. என்ன செய்றீங்க?"

தீப்பெட்டியைத் தொடப்போன விரலை இழுத்துக்கொண்டேன். ஒரு தீப்பெட்டிதான். தெரியும்.

"எழுப்ப முடியாதா?"

"ஏலா தங்கச்சி."

"தெரியும். சும்மா கேட்டேன். பக்கத்துல உக்காரலாமா?"

"உக்காரலாம். உக்காந்தா வேலைக்கிப் போகேலா, பேரு விழாது. ஒங்கட காத்து கழியும்."

"கழிஞ்சா கழியட்டும்."

அந்த நேரம் முன்பக்கம் ஷட்டரில் யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு, மெதுவாக. நானும் நானாவும் ஒரே நேரத்தில் எழும்பிவிட்டோம். அவர் முன்னால் போனார். சிங்களத்தில் ஏதோ பேச்சு. டோர்ச்சுக்குப் பேட்டரி கேட்டு ஒருத்தர். இன்றைக்குக் கடை பூட்டு என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். இருவருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"எங்க விட்டோம்?" என்றார்.

"பெட்டிக்குப் பக்கத்துல" என்றேன். பட்டனைத் தள்ளி அந்தத் தீப்பெட்டியோடு ஒட்டி வைத்தேன். மூடியிருந்தும் கராம்பு வாசம் விரலில் ஏறிக்கொண்டது.